நெமோவைத் தேடிப் போய் ஆட்டோவுக்கு அழுத கதை

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதித் தருவதாகத் தோழிகளிடம் சொல்லிவிட்டுத்தான் ராமேஸ்வரம் கிளம்பினேன். வரிசையெல்லாம் பிறகு. முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனை போய்த் திரும்ப ஆட்டோவுக்கு 1,400 ரூபாய் என்றார் ஓட்டுநர். பேசிப் பேசி 1,100க்குக் கொண்டுவந்தேன். முனையில் இறங்கியதும், "அரை மணி நேரத்துக்கு மேல் நின்றால் 200 சேர்த்துக் கொடுக்க வேண்டும்" என்கிறார். அப்போது பார்த்து எங்கள் பின்னாலேயே ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. பாதி இருக்கைகள் காலி! மூன்று மாதமாக ஆய்வு உதவித்தொகை கைக்கு வராத ஒருத்திக்கு இதைவிடக் கொடுமையான காட்சி கிடையாது. அக்கா மகன் பஸ்ஸையும் பார்த்தான், என் முகத்தையும் பார்த்தான். எட்டாம் வகுப்புதான் படிக்கிறான், ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாத நேரம் அவனுக்குத் தெரிகிறது.

இத்தனை செலவும் ஒரு கற்பனை மனிதருக்காக. நான் சிப்பி ஓடுகளை ஆராய்கிறவள். அறிவியல் புனைகதைப் பைத்தியமும்கூட. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1869-70இல் தொடராக எழுதிய நீர்மூழ்கிக் கதையில் கேப்டன் நெமோவின் கப்பல் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. இலங்கைப் பக்கத்து முத்துப்படுகையில் தனியாக முத்துக் குளிக்கும் ஓர் ஏழையைச் சுறா தாக்குகிறது. நெமோ கத்தியோடு அதன்மேல் பாய்கிறார், பிறகு அந்த ஏழையின் கையில் ஒரு பை முத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். எதற்காக இந்த வீரம் என்று கேட்டால், அவன் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவன், நானும் அந்த நாட்டவன்தான் என்கிற பொருளில் பதில் வருகிறது.

வெர்ன் முதலில் நெமோவை ரஷ்யர்களிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த போலந்துப் பிரபுவாகத்தான் நினைத்திருந்தார். ரஷ்யாவில் விற்பனை கெட்டுவிடும் என்று பதிப்பாளர் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் முதல் கதையில் அவர் எந்த ஊர்க்காரர் என்பதே மூடுமந்திரம். 1874-75இல் வந்த அடுத்த கதையில்தான் அவர் நடு இந்தியாவின் புந்தேல்கண்ட் இளவரசர் டக்கார் என்றும் 1857 எழுச்சியில் போரிட்டவர் என்றும் தெரியவருகிறது. ஆக, நெமோ நம்மவர். வந்து நின்றதும் நம் கடலில். வேற்றுக்கிரகச் சண்டைப் படங்களுக்கு முதல் நாள் முதல் காட்சிக்கு வரிசையில் நிற்கும் என் நண்பர்களில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை.

முனையில் வலப்பக்கம் ஆண் கடல், இடப்பக்கம் பெண் கடல் என்று உள்ளூரில் சொல்கிறார்கள். வலப்பக்கம் மன்னார் வளைகுடா, குமுறிக்கொண்டு கிடந்தது. "இங்கேதான் நெமோ வந்தார்" என்று பெருமையாகக் கை நீட்டினேன்.

"சித்தி, நெமோ என்றால் ‘ஃபைண்டிங் நெமோ’ படத்தில் வரும் அந்த ஆரஞ்சு மீன்தானே?"

1,100 ரூபாய் கடலில் கரைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

திரும்பும் வழியில் தனுஷ்கோடிக் குடிசைக் கடை ஒன்றில் சாப்பிட்டோம். அந்த அம்மா விளைமீனைக் கீறி, குண்டு மிளகாய் அரைத்த விழுதைக் கீறலுக்குள் விரலால் அழுத்தித் தேய்த்து, காய்ந்த எண்ணெயில் நழுவவிட்டார். மேல்தோல் அப்பளம்போல் நொறுங்கியது, உள்ளே சதை ஈரம் மாறாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது. உறைப்பு ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் கை நிற்கவில்லை. இரண்டு மீன் 300 ரூபாய். மூன்றாவதும் கேட்டு வாங்கினேன். பட்ஜெட்டாவது ஒன்றாவது!

சாப்பிட்டுக்கொண்டே வெர்ன் கதையில் வரும் தேங்காய் அளவு முத்தைப் பற்றிச் சொன்னேன். கதையில் நெமோ அதை ஒரு ராட்சதச் சிப்பிக்குள் வளரவிட்டிருப்பார். அந்த வகைச் சிப்பியின் முத்தில் முத்துக்குரிய பளபளப்பு இருக்காது, பீங்கான் போலத்தான் இருக்கும். பளபளப்பு வேண்டுமென்றால் அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, பருமனுள்ள சுண்ணாம்புத் தகடுகள் செங்கல் அடுக்கியதுபோல் அடுக்கியிருக்க வேண்டும், அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு வண்ணம் காட்ட வேண்டும். "அப்படியானால் கதை தப்பா?" என்றான். தப்புதான், ஆனால் அதற்காக வெர்னோடு எனக்குச் சண்டையில்லை. காற்றே இல்லாத விண்வெளியில் படங்களில் மட்டும் வெடிச்சத்தம் கேட்கிறது என்று ரசிகர்கள் கட்சி கட்டி அடித்துக்கொள்வதும் எனக்கு அலுத்துவிட்டது. பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கற்பனையைவிடச் சுவையான உண்மை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதைத் தொடாமல் விடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் மண்டபத்தில் ஒரு மீன் காட்சியகத்தில் அதற்குச் சாட்சியே கிடைத்தது. தொட்டிக்குள் கடல் சாமந்தி என்கிற பூப்போன்ற கடலுயிரியின் விரல்களுக்கு நடுவே, படத்து நெமோவின் இனமான இரண்டு கோமாளி மீன்கள். பெரியது சும்மா மிதந்தது. சிறியது அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கண்ணாடியில் யார் விரல் வைத்தாலும் முட்டியது. இந்த மீன் கூட்டத்தில் பெரியதுதான் பெண், அதற்கு அடுத்தது ஆண், மற்றவை பருவமடையாத குட்டிகள். பெண் செத்தால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும், குட்டிகளில் பெரியது ஆணாகி அந்த இடத்துக்கு வரும். நான் சொல்லி முடிப்பதற்குள் பையன் உரக்கக் கேட்டான்:

"அப்படியானால் படத்தில் அம்மா மீன் செத்ததும் அப்பா அம்மாவாகியிருக்க வேண்டுமே?"

பக்கத்தில் நின்ற பெண்மணி தன் குழந்தையைக் கையைப் பிடித்து அடுத்த தொட்டிக்கு இழுத்துப் போனார். அந்தக் குட்டி நெமோவுக்கு அடுத்து என்ன ஆகியிருக்கும் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. இரவு ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் அவனே யோசித்துக் கண்டுபிடித்துவிட்டு, பாம்பன் தாண்டும்வரை சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்த பஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கி மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மதுரை வரை உப்புக் காற்று முகத்தில் அறைந்தது. பின்னிருக்கைக்காரர் துண்டை அடைத்துப் பார்த்தார். துண்டு பரமக்குடி அருகே பறந்துபோனது. நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்பதுபோல் என்னை முறைத்தார்.

சினிமாவில் நெமோவாக நம்மவர் யாரும் நடித்ததில்லையா என்று அவன் கேட்டான். 2003இல் நசீருதீன் ஷா நடித்தார் என்றேன். செல்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "மீன் படமும் அதே வருடம்தான் சித்தி. ஓடியது எது தெரியுமா?" என்றான்.

தங்கும் இடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அறை 900 ரூபாய், வெந்நீர் கிடையாது, கொசு உண்டு. அரிச்சல்முனைக்கு டவுன் பஸ்ஸில் போங்கள்.