ஏ லெவல் கணக்கியல்: இரண்டாண்டுப் படிப்பின் அனுபவம்

லண்டனில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டாண்டு ஏ லெவல் படிப்புக்காக சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரியில் சேர்ந்தபோது கணிதம், பொருளியல் ஆகியவற்றுடன் மூன்றாவது பாடமாகக் கணக்கியலை எடுத்தேன். இங்குள்ள பெரும்பாலான பள்ளிகளில் ஏ லெவலுக்கு முந்தைய ஜிசிஎஸ்இ நிலையில் இப்பாடம் கிடையாது என்பதால், வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் அரிச்சுவடியிலிருந்தே தொடங்கினோம். சதவீதத்தைத் தாண்டிய கணிதம் இதில் மிகக் குறைவு. ஆகவே எண்களோடு பழகியவர்களுக்கு எளிது என்று சொல்லித்தான் பலரும் சேர்கிறார்கள். எழுதப் பிடிக்காதவர்கள் அந்தப் பேச்சை நம்பிச் சேர வேண்டாம் என்பதே என் கருத்து.

தேர்வின் அமைப்பே அதற்குச் சான்று. நான் எழுதியது ஏ.கியூ.ஏ. என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டம், 2017இல் கற்பிக்கத் தொடங்கப்பட்டு, 2019இல் முதல் தேர்வு நடந்தது. நிதிக் கணக்கியலுக்கு ஒரு தாள், பகுப்பாய்வுக்கும் முடிவெடுத்தலுக்கும் மற்றொரு தாள். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், 120 மதிப்பெண். ஒவ்வொரு தாளின் இறுதியிலும் 25 மதிப்பெண் வினாக்கள் இரண்டு வரும். மொத்தம் 240இல் 100 மதிப்பெண், விரிவான விடை கேட்கும் இந்த நான்கு வினாக்களிடம் இருக்கிறது.

முதலாண்டின் பெரும்பகுதி இரட்டைப் பதிவு முறை (ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் டெபிட்டாகவும் இன்னொன்றில் கிரெடிட்டாகவும் எழுதுவது), இருப்பாய்வு (இரு பக்க மொத்தங்களும் சமமா என்று பார்க்கும் பட்டியல்), தேய்மானம், வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று சென்றது. இவை பயிற்சியால் வந்துவிடும். உண்மையில் யோசிக்க வைத்தது முழுமை பெறாப் பதிவேடுகள் என்ற பகுதி. கடைக்காரர் விற்பனையை எழுதி வைக்கவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் தர வேண்டியிருந்தது 4,200 பவுண்டு, ஆண்டுக்குள் அவர்களிடமிருந்து வந்தது 31,500, முடிவில் நிலுவை 5,100 என்பது மட்டுமே தெரியும். இவற்றைக் கடனாளிகளின் கணக்கில் உரிய பக்கங்களில் நிரப்பினால், கடன் விற்பனை 32,400 என்று தானே வெளிப்படும். சூத்திரமாக மனப்பாடம் செய்தவர்கள், தள்ளுபடியோ வாராக்கடனோ இடையில் புகுந்ததும் தடுமாறினார்கள்; கணக்கை வரைந்து பார்த்தவர்களுக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான்.

செய்வழிகளை, அதாவது விடைக்கு வந்த படிகளை, தனியே எழுதிக் காட்டுவதையும் இங்கேயே பழகிக்கொள்வது நல்லது. முன் படியில் ஓர் எண் பிழையாகிப்போனாலும், அதே எண்ணைக் கொண்டு அடுத்த படியைச் சரியாகச் செய்திருந்தால், அந்தப் படிக்குரிய மதிப்பெண்ணைப் பல இடங்களில் வழங்குகிறார்கள். வழிமுறை இல்லாமல் விடையை மட்டும் எழுதியவருக்கு அந்தச் சலுகை கிடைக்க வழியில்லை.

இரண்டாமாண்டில் இறுதிநிலைச் செலவு முறை (உற்பத்தியோடு மாறும் செலவை மட்டும் பொருளின் மேல் ஏற்றுவது), திட்டச் செலவு மாறுபாடுகள் (திட்டமிட்ட செலவுக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள வேறுபாடு), முதலீட்டு மதிப்பீடு எல்லாம் வந்தன. ஓர் இயந்திரத்தின் நிகர நிகழ்கால மதிப்பு (வருங்கால வரவுகளை இன்றைய மதிப்புக்கு மாற்றி, போட்ட பணத்தைக் கழித்தது) சாதகமாக இருக்கும். போட்ட பணம் திரும்பி வரும் காலமோ நீளும். வேலையாட்கள் சிலரை நீக்கவும் வேண்டியிருக்கும். வாங்கலாமா, கூடாதா? இத்தகைய வினாவில், எந்த நிறுவனத்துக்கும் பொருந்தக்கூடிய வாக்கியங்களை எங்கள் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். கொடுக்கப்பட்ட எண்ணோடு ஒவ்வொரு கருத்தையும் கட்டிப்போட்டு, கடைசியில் ஒரு பக்கம் சாய்ந்து முடிவு சொல்ல வேண்டும் என்பது அவர் பிடிவாதம். எனக்கு உயர்ந்த தரம் கிடைத்ததற்கு இந்தப் பயிற்சியே முதன்மைக் காரணம் என்று நினைக்கிறேன்.

பாடங்களைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எல்.எஸ்.இ. (லண்டன் பொருளியல் பள்ளி) போன்ற பல்கலைக்கழகம் கணக்கியலைத் தான் விரும்பும் பாடங்களில் ஒன்றாகக் கருதவில்லை. ஆகவே கணிதம் போன்ற பாடங்களோடு சேர்த்து எடுப்பதே பாதுகாப்பு. பட்டயக் கணக்காளர் தேர்வுகளிலும் ஏ லெவலைக் காட்டி விலக்குப் பெற முடியாது. பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கப் போகிறவர்களுக்கு, முதல் பருவத்தில் மற்றவர்கள் டெபிட், கிரெடிட் பழகிக்கொண்டிருக்கும் வாரங்கள் சற்று இலகுவாகக் கழியும். அந்த முன்னிலை அதற்குமேல் நீடிப்பதில்லை.