ஆங்கிலத் தலைப்பில் எந்தச் சொல்லுக்குப் பெரிய எழுத்து?

ஆய்வேட்டுத் தலைப்பைத் திருத்த உட்காரும் முன், உங்கள் துறை கேட்கும் எழுத்துநடைக் கையேடு ஏபிஏவா, எம்எல்ஏவா, சிகாகோவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விதி மூன்றிலும் ஒன்றல்ல.

'லிவிங் வித் ஆஸ்துமா: எ ஸ்டடி ஆஃப் சில்ட்ரன் ஹூ டூ நாட் கிவ் அப் ஸ்போர்ட்' என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். 'டூ' இங்கே வினைச்சொல். ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து என்றாலும் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும். 'இஸ்', 'பி' என்ற வினைகளுக்கும் 'இட்' என்ற பிரதிப்பெயருக்கும் இதே கதை. 'இஸ்' விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சின்னச் சொல் என்றால் சின்ன எழுத்து என்று பழகிவிட்ட கை அது. 'கிவ் அப்' இரண்டும் சேர்ந்து ஒரே வினை, ஆகவே 'அப்' பெரியது. அதே சொல் 'அப் தி ஹில்' என்று வந்தால் பிரிப்பொசிஷன், அதாவது பெயருக்கு முன் வரும் இடைச்சொல்; ஆகவே சிறியது. 'எ' வழக்கமாகச் சிறியது. இங்கே முக்காற்புள்ளிக்குப் பின் முதல் சொல் என்பதால் பெரியது. 'ஆஃப்' மூன்று முறையிலும் சிறியது.

'வித்' சொல்லில்தான் முறைகள் பிரிகின்றன. நான்கு எழுத்தும் அதற்கு மேலும் உள்ள எல்லாச் சொல்லையும் ஏபிஏ பெரிதாக்கும். எம்எல்ஏவில் பிரிப்பொசிஷன் எவ்வளவு நீளமானாலும் சிறியதே. சிகாகோவும் 17ஆம் பதிப்பு வரை அப்படித்தான் இருந்தது. 2024இல் வந்த 18ஆம் பதிப்பு ஐந்தெழுத்து முதல் பெரிதாக்கச் சொல்கிறது. அதன்படி 'வித்' சிறியது, 'அபவுட்' பெரியது. பழைய ஆய்வேட்டைப் பார்த்து எழுதினால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

ஏபிஏவில் இன்னொரு சிக்கல் உண்டு. அட்டையில் அப்படி எழுதிய அதே தலைப்பு, மேற்கோள் பட்டியலில் வரும்போது 'லிவிங்', முக்காற்புள்ளிக்குப் பின் வரும் 'எ' இரண்டுக்கு மட்டுமே பெரிய எழுத்து. ஆள், ஊர்ப் பெயர்கள் இருந்தால் அவற்றுக்கும் உண்டு. ஆய்விதழின் பெயர் மட்டும் பழையபடியே.

வேர்டில் ஷிஃப்ட், எஃப்3 விசைகளை அழுத்தி வேலையை முடித்துவிடாதீர்கள். அது 'ஆஃப்' உட்பட எல்லாச் சொல்லையும் பெரிதாக்கும். டிஎன்ஏ போன்ற சுருக்கத்தில் முதல் எழுத்தை விட்டு மற்றதைச் சிறிதாக்கிவிடும். மேற்கோள்களைச் சேமிக்கும் ஸோட்டெரோ மென்பொருளைப் பயன்படுத்துவோர் தலைப்புகளை வாக்கிய வடிவிலேயே, அதாவது மேற்கோள் பட்டியலில் வருவதுபோலவே, சேமியுங்கள். அதிலிருந்து தலைப்பு வடிவத்துக்கு மென்பொருளே மாற்றிக்கொள்ளும். எதிர்த்திசையில் எது ஊர்ப்பெயர், எது சாதாரணச் சொல் என்று அதற்குத் தெரியாது.