கால் பக்கம் ஓடும் காற்று

தண்ணீர் புகாத ட்ரை சூட் போட்டு ஸ்கூபா டைவிங்குக்கு இறங்கிய முதல் ஐந்து டைவிலும் நான் மீன் எதையும் பார்த்ததாக நினைவில்லை. முழு நேரமும் சூட்டுக்குள் இருந்த காற்றோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் உள்ளே வரும் வெட் சூட்டில் நூறு டைவுக்கு மேல் போனவன் நான், பிசிடியில் (காற்றை அடைத்தும் விட்டும் மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) இரண்டு அழுத்து, மூச்சில் சின்னத் திருத்தம், அவ்வளவில் தண்ணீருக்குள் அசையாமல் நிற்பேன். இங்கே அந்தப் பழக்கம் கைகொடுக்கவில்லை, ஏன் என்று புரிய மூன்று மாதம் ஆனது.

ட்ரை சூட்டுக்குள் தண்ணீர் வராது. கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய ரப்பர் பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும், உள்ளே குளிருக்கான தடித்த உடுப்பு, அதன் இழைகளுக்கு நடுவே காற்று. அந்தக் காற்றுதான் நம்மைக் கதகதப்பாக வைக்கிறது. ஆழம் போகப் போக அது சுருங்கும், சூட் உடம்பைக் கவ்வும், மடிப்பு விழுந்த இடங்களில் தோலைக் கிள்ளும். அதனால் நெஞ்சில் உள்ள பொத்தானை அழுத்திக் கொஞ்சம் காற்றை உள்ளே விடுகிறோம். மேலே வரும்போது அதே காற்று விரியும், அதை இடது மேற்கையில் உள்ள வால்வு வழியாக வெளியேற்றுகிறோம். சொல்ல இவ்வளவுதான்.

ஆனால் பிசிடியில் காற்று ஒரு பைக்குள் அடைபட்டிருக்கும், சூட்டில் அப்படி இல்லை, உடம்பில் எந்த இடம் உயரமாக இருக்கிறதோ அங்கே ஓடிவிடும். ஆறாவது டைவில் 9 மீட்டரில் ஒரு பாறை இடுக்கை எட்டிப் பார்க்கத் தலையைத் தாழ்த்தினேன். முதுகில் இருந்த காற்று தொடைக்கும் முழங்காலுக்கும் போய், கடைசியில் பூட்ஸுக்குள் புகுந்து உப்பியது. கால்கள் மேலே இழுக்க ஆரம்பித்தன. பயத்தில் காலில் மாட்டிய ஃபின்னைத் தாறுமாறாக உதைத்தேன், பலனில்லை. வால்வு இருக்கும் கையோ கீழே, காற்று வெளியேற வழியே இல்லை. பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் சட்டென்று பிடித்துத் திருப்பிவிட்டார். மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே இருந்தேன், அது ஒன்றைத்தான் அன்று சரியாகச் செய்தேன்.

அப்புறம் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்த நிலையிலிருந்து மீள்வதைப் பழகினேன். முழங்காலை நெஞ்சோடு மடக்க வேண்டும், குட்டிக்கரணம் போல உருண்டு தலையை மேலே கொண்டுவர வேண்டும், உடனே இடது முழங்கையை உயர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். கால் லேசாகத் தூக்கும்போதே செய்தால் சுலபம். பூட்ஸ் முழுக்க உப்பிய பிறகு மிகவும் கஷ்டம்.

ஆனால் எனக்கு உண்மையான திருப்பம் இதில் வரவில்லை, ஈயத்தில் வந்தது. சூட்டில் மிதப்பு அதிகம் என்று, தண்ணீருக்குள் இறங்குவதற்காக முதல் நாளே 14 கிலோ ஈயம் கட்டிவிட்டார்கள், நானும் கேள்வி கேட்காமல் அதையே தொடர்ந்தேன். ஒரு நாள் டைவின் கடைசியில், 5 மீட்டரில், சிலிண்டரில் 50 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மிச்சம் இருக்கும்போது, பிசிடியை முழுக்கக் காலி செய்து, சூட் வால்வையும் திறந்துவிட்டுப் பார்த்தேன். கல் போல இறங்கினேன். அடுத்தடுத்த டைவ்களில் ஒவ்வொரு கிலோவாகக் கழற்றி 10 கிலோவில் வந்து நின்றது. இதை ஏன் டைவின் கடைசியில் பார்க்க வேண்டும் என்றால், 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அளவுக்கு அடைத்த காற்றின் எடையே கிட்டத்தட்ட 3 கிலோ, அதில் 2 கிலோவுக்கு மேல் டைவ் முடிவதற்குள் நாம் சுவாசித்துத் தீர்த்திருப்போம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4 கிலோ ஈயம் கூடுதல் என்றால் அதைத் தூக்க ஏறக்குறைய 4 லிட்டர் காற்று கூடுதலாக வேண்டும். 10 மீட்டரில் அழுத்தம் 2 பார், 5 மீட்டரில் 1.5 பார். அந்த 5 மீட்டர் ஏறியதும் 4 லிட்டர் 5.3 லிட்டராக விரியும், அதாவது 1.3 கிலோ அளவுக்கு நம்மை மேலே தள்ளும். சாதாரண மூச்சு அரை லிட்டர்தான், அதை வைத்து இதைச் சமாளிக்க முடியாது. கூடுதல் காற்று 1 லிட்டர் மட்டும் என்றால் விரிவது மூன்றில் ஒரு பங்கு லிட்டர், ஒரு மூச்சை நன்றாக விட்டாலே சரியாகிவிடும். என் கை பழகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பிரச்சினையில் பெரும்பகுதி இடுப்பில் கட்டியிருந்த ஈயம்தான். புதிதாகக் கற்பவர் யாரைப் பார்த்தாலும் முதலில் எடையைச் சரிபார்க்கச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 30 மீட்டரிலிருந்து 20க்கு வரும்போது காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரிகிறது, 10லிருந்து மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காகிறது. ஆழமில்லாத இடத்தில்தான் பழகச் சொல்வார்கள், அது பாதுகாப்புக்குச் சரிதான், ஆனால் மிதப்பைப் பிடிக்கக் கஷ்டமான இடமும் அதுவே. அங்கே தடுமாறினால் மனம் தளர வேண்டாம்.

வால்வு விஷயத்தில் எனக்கு உதவியது நேரம் பற்றிய புரிதல். கையைத் தூக்கியதும் காற்று வெளியேறாது, வலது பக்கத்திலிருந்தும் வயிற்றிலிருந்தும் அது தோளுக்கு வந்து சேரச் சில விநாடி ஆகும். வேகமாக ஏறுகிறோம் என்று கையில் உள்ள டைவ் கம்ப்யூட்டர் எச்சரித்த பிறகு தூக்கினால் தாமதம். இப்போது ஏறத் தொடங்கும் முன்பே வால்வை முழுக்கத் திறந்து, உடம்பைக் கொஞ்சம் நிமிர்த்தி, முழங்கையை உயர்த்திவிடுகிறேன்.

மிதப்புக்குச் சூட்டா பிசிடியா என்ற சண்டை ஓயாது. ஒற்றைச் சிலிண்டரும் சரியான எடையும் என்றால் சூட் மட்டுமே போதும் என்பது என் அனுபவம், ஒரே இடத்துக் காற்றைக் கவனித்தால் போதுமே. இரட்டைச் சிலிண்டர் என்றால் தொடக்கத்தில் காற்றின் எடையே 6 கிலோவை நெருங்கும், அதைச் சூட்டில் சுமப்பது தவறு, பிசிடிக்குத்தான் அந்த வேலை.

போன வாரம் 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றேன். எந்தப் பொத்தானையும் தொடவில்லை, மூச்சு மட்டும்தான். அடுத்த முறை இதைவிடத் தடித்த உள் உடுப்பு போடப் போகிறேன், அதனால் எடையை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.