பேர் விழுந்ததா? கொழும்பில் லீவு வேலை தேடிய ஆறு வாரம்

கம்பஸில் கடைசிப் பேப்பரை எழுதி முடித்து ரீட் அவெனியுவுக்கு வந்தபோது கையில் ஆறு வார லீவு இருந்தது. பர்ஸில் 2,300 ரூபா. வெள்ளவத்தையில் மூன்று பேர் சேர்ந்து எடுத்திருக்கும் அறைக்கு, ஊருக்குப் போனாலும் போகாவிட்டாலும் என் பங்கு 9,000 ரூபா. அப்போது மாதம் 7,500 ரூபாவாக இருந்த மஹாபொல புலமைப்பரிசில் வாடகைக்கே காணாது. அம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கிறார். 2025இல் அவருடைய நாட்சம்பளம் 1,350 ரூபா. அதில் எனக்கு அனுப்பச் சொல்ல மனம் வரவில்லை.

"இந்த லீவுக்கு வேலை தேடப் போறேம்மா" என்று போனில் சொன்னேன். தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை.

"போற எடத்துல பேரு விழுதான்னு அன்னன்னிக்கே பாத்துக்க புள்ள. பொறவு போயி கேட்டா ஒருத்தரும் தரமாட்டாங்க."

தோட்டத்தில் ஒரு பேர் என்றால் ஒரு நாள் வேலை. கிலோ குறைந்தால் அரைப்பேர். செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் மாதக் கடைசியில் சம்பளம். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு என்பதால் அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் மூன்று நாள் போனிலேயே போயிற்று. வீட்டிலிருந்து டைப் செய்யும் வேலை என்று ஒரு விளம்பரம். விண்ணப்பித்தால் முதலில் 2,500 ரூபா கட்டச் சொன்னார்கள். நல்லவேளை, என்னிடம் கட்டுவதற்குப் பணம் இருக்கவில்லை. இன்னொரு நாள் தெரிந்த பிள்ளை ஒருத்தி 'இன்டர்வியூ' என்று ஒரு மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பொதியை வாங்கி, நமக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்த்து, அவர்கள் இரண்டிரண்டு பேரைச் சேர்க்க வேண்டும் என்று இரண்டு மணித்தியாலம் விளக்கினார்கள். இது பிரமிட் திட்டம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. தடை செய்யப்பட்டவற்றின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டும் இருக்கிறது. கூட்டிப்போன பிள்ளை ஏற்கெனவே தன் அக்காவின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தாள். கம்பஸ் பிள்ளைகளைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். இதை வாசிக்கிறவர்கள் தங்கச்சி தம்பிமாரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நான்காம் நாள் நடக்கத் தொடங்கினேன். வெள்ளவத்தை வாய்க்கால் பாலத்திலிருந்து தெஹிவளைப் பக்கமாகக் காலி வீதியின் இரண்டு கரையிலும் உள்ள கடைகளில் ஏறி இறங்கினேன். இரண்டு நாளில் பத்தொன்பது கடை. முதல் நாள் சனிக்கிழமை பின்னேரம் போனது பெரிய பிழை. சனம் நெருக்கியடிக்கும் நேரத்தில் யார் நின்று பேசுவார்கள்? திங்கட்கிழமை காலை பத்தரைக்குப் போனபோது அதே கடைகளில் முதலாளிமார் காசு மேசையில் ஆறுதலாக இருந்தார்கள், முகம் பார்த்துப் பேசினார்கள். புறக்கோட்டைக்குப் போவதென்றால் வெள்ளிக்கிழமை மத்தியானத்தைத் தவிர்க்க வேண்டும். ஜும்ஆ தொழுகைக்காகப் பல கடைகள் பூட்டியிருக்கும்.

எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "தங்கச்சி, எவ்வளவு நாளைக்கு நிப்பீங்கள்?" ஆறு வாரம் என்றதும் முகம் மாறிவிடும். மறைத்துச் சொல்லலாம் என்று அறைத்தோழி சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை. வேலை பழக்கிவிட்டுப் பிறகு ஆள் இல்லாமல் நிற்கிறவருக்கும் நட்டம்தானே. அதனால் "ஆவணிக் கல்யாண சீசன் முடியும் வரைக்கும் நிற்பேன்" என்று சொல்லத் தொடங்கினேன். பொய்யில்லை, அதே ஆறு வாரம்தான். ஆனால் கடைக்காரருக்கு விளங்கும் கணக்கு. இப்படிச் சொன்ன பிறகு மூன்று பேர் நம்பர் வாங்கினார்கள். ஒருவர் மறுநாளே வரச்சொன்னார்.

அது புறக்கோட்டையில் ஒரு துணிக்கடை. காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழரை வரை. நாளுக்கு 1,000 ரூபா, வாய்ப்பேச்சு. காலையில் 101 பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால் பிறகு நாள் முழுக்க நிற்பதுதான். உட்கார ஸ்டூல் கிடையாது. மூன்றாம் நாள் இரவு கணுக்கால் வீங்கி, வாளியில் உப்புத் தண்ணீர் விட்டுக் காலை வைத்திருந்தேன்.

வேலையை நான் வெறுக்கவில்லை. பிரித்துக் காட்டிய சேலையை முந்தானை மேலே வரும்படி பழைய மடிப்பிலேயே திரும்ப மடிக்கக் கற்றேன். தாயும் மகளும் வந்தால் முதலில் தாய்க்குக் காட்ட வேண்டும், விலையைத் தீர்மானிப்பது அவர்தான். என் சிங்களம் திக்கித்திக்கித்தான் வரும். அங்கே "கீயத" (எவ்வளவு) என்று கேட்பவருக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எண்கள் சரளமாகிவிட்டன. பதினொரு வருடமாக நிற்கும் அக்கா ஒருவர் தன் இடியப்பத்தில் பாதியை எனக்குத் தருவார். அவரும் எங்கள் மலைநாட்டுக்காரர்தான், பொகவந்தலாவைப் பக்கம்.

அம்மா ஒவ்வொரு இரவும் கேட்டார்: "இன்னைக்கு பேரு போட்டாங்களா?" கடையில் அப்படியொரு கொப்பியை நான் காணவில்லை. அவர் நச்சரிப்புத் தாங்காமல் நானே 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் மூன்றையும் எழுதினேன். பஸ் டிக்கட் தந்தால் அந்தப் பக்கத்திலேயே ஒட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் அந்தக் கடையில் சம்பளம். பத்து நாள் என்றார்கள். அதிலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு நாளுக்கு 150 ரூபா வீதம் 1,800 கழித்து 8,200 ரூபாவைக் கையில் தந்தார்கள். சாப்பாட்டுக்குக் கழிப்பதாக ஒருவரும் முன்பே சொல்லவில்லை. நாட்களைப் பத்து என்று எண்ணியவர்கள் சாப்பாட்டைப் பன்னிரண்டு என்று எண்ணியிருந்தார்கள்! கை நடுங்கியது. கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்ப்பவர் முன்னால் வைத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்றும் பேசாமல் இன்னும் 2,000 ரூபாவை எண்ணி வைத்தார். சாப்பாட்டுக் காசு திரும்ப வரவில்லை. மறுநாள் நான் போகவில்லை.

சட்டபீடத்துத் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோதுதான் மற்றவை தெரியவந்தன. 2025 ஏப்ரலிலிருந்து அந்த வருடம் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 27,000 ரூபாவாக, நாளுக்கு 1,080 ரூபாவாக இருந்தது. நான் சம்மதித்த தொகையே சட்டத்துக்குக் கீழே, பன்னிரண்டு நாளில் 960 ரூபா குறைவு. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது. அதன்படி நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு. ஓய்வுக்காலத்துக்கென்று சம்பளத்தோடு சேரும் ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎப்) தற்காலிக வேலைக்கும் உண்டு. நம்மிடம் 8 வீதம், முதலாளி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ஈடிஎப்) அவர் இன்னும் 3 வீதம். நாரஹேன்பிட்டி மெஹெவர பியசவில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம் என்றாள். நான் கொடுக்கவில்லை. இடியப்பம் தந்த அக்காவிடம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார்களோ என்ற பயம். அது சரியான முடிவா என்று இன்றும் மனம் அலைகிறது. பதினொரு வருடத்தில் அந்த அக்காவுக்குச் சேர வேண்டிய சேமலாபம் எவ்வளவு!

இரண்டாம் வேலை தோழியின் அக்கா மூலம் வந்தது. சந்தை ஆய்வு நிறுவனமொன்றுக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆள் தேவைப்பட்டது. அக்கா என் சி.வி.யை வாங்கிப் பார்த்தார். மொழிகள் என்ற இடத்தில் ஆங்கிலம், சிங்களம் இரண்டுக்கும் 'நடுத்தரம்' என்று போட்டிருந்தேன். தமிழை எழுதவேயில்லை. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் தெரியும் என்பதை எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன்.

"இவங்கள் தேடுறதே தமிழ் கதைக்கிற ஆளைத்தான். அதை முதல்ல போடும்" என்றார்.

இன்டர்வியூவில் கேள்விக்கொத்தைத் தந்து தமிழில் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். "கடந்த 30 தினங்களினுள் தாங்கள் கொள்வனவு செய்த பாற்பொருள் வகைகள் யாவை?" என்று இருந்தது. வாசித்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மாவிடம் இப்படிக் கேட்டால் கதவைச் சாத்திவிடுவார் என்றேன். அப்படியானால் எப்படிக் கேட்பாய் என்றார் மேற்பார்வையாளர். "போன மாசம் வீட்டுக்கு என்ன பால்மா வாங்கினீங்க?" அவர் அதை எழுதிக்கொண்டார். மற்ற இருபது கேள்வியையும் அப்படியே மாற்றித்தரச் சொன்னார்.

இந்த முறை வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் கடிதம் கேட்டேன். கேட்கும்போது குரல் உடைந்தது, ஆனாலும் கேட்டேன். தொடங்கும் நாள், முடியும் நாள், முடித்த ஒரு படிவத்துக்கு 400 ரூபா, நாளுக்கு 300 ரூபா பஸ் காசு, சேமலாபப் பிடித்தம் 8 வீதம், பணம் வங்கிக்கு வரும் தேதி எல்லாம் ஒரு பக்கத்தில் இருந்தன. கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி கேட்டார்கள். வேலை தேடத் தொடங்கும் முன்பே ஊரிலிருந்து சான்றிதழை எடுத்து வைத்திருந்தால் எனக்கு மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். பஸ்டியன் மாவத்தையில் ஹட்டன் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன்.

கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், வெள்ளவத்தை, வத்தளை என்று பதினேழு நாள் நடந்தேன். விரும்பிய வீட்டைத் தட்ட முடியாது. சொன்ன புள்ளியிலிருந்து வலது கைப்பக்கமாக எண்ணி ஐந்தாவது வீடு. அந்த வீட்டிலும் கதவு திறந்தவரிடமே கேட்க முடியாது, அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவரிடம்தான் கேட்க வேண்டும். வீட்டில் எந்நேரமும் இருப்பவர்களின் பதில் மட்டும் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. தொடர்மாடிகளில் காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை நல்ல நேரம். பன்னிரண்டானால் அடுப்பு, ஒன்றரைக்குப் பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவார்கள். முகத்துவாரத்தில் ஒரு பாட்டி பால்மாக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அரை மணித்தியாலம் தன் மகனைப் பற்றியே பேசினார். படிவத்தில் அதற்கு இடம் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

எழுபத்து நான்கு படிவம் கொடுத்தேன். அலுவலகத்தில் சிலருக்குப் போன் எடுத்துச் சரிபார்த்தபோது இரண்டு வீட்டில் ஆள் மாறிக் கேட்டிருந்தது தெரிந்து அவற்றை நீக்கினார்கள். நியாயம்தான். எழுபத்திரண்டுக்கு 28,800 ரூபா. பிடித்தம் 2,304 போக, பஸ் காசு 5,100 சேர்த்து 31,596 ரூபா சொன்ன தேதியில் வங்கிக்கு வந்தது.

அன்று இரவு அம்மாவுக்கு எடுத்தேன். தொகையை அவர் கேட்கவில்லை.

"ஈபிஎப் புடிச்சாங்களா?"

"புடிச்சாங்கம்மா. அவங்க பங்கு 3,456. ரெண்டும் சேர்த்து என் பேருல 5,760 இருக்கு."

"நம்பரு குடுத்தாங்களா?"

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்த அங்கத்துவ இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாக வாசித்தேன். மறுமுனையில் அம்மா அதைத் தன் சம்பளச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்.