எந்த வெர்ஷனுக்கு ஏறுவது?

நம் மென்பொருள் பயன்படுத்தும் பேக்கேஜ்களில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரின் அறிக்கையில் "திருத்தப்பட்ட வெர்ஷன்" என்று ஓர் எண் இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போட்டு டிக்கெட்டை மூடிவிடுவது பல அணிகளின் வழக்கம். ஆனால் அந்தக் குறிப்பிட்ட சிவிஇ (பொதுவில் எண் கொடுத்துப் பதிவான பாதுகாப்பு ஓட்டை) எந்த வெளியீட்டில் அடைக்கப்பட்டது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அதே வெளியீட்டில் வேறு ஓட்டை இருக்கிறதா, நம்மிடம் இருக்கும் ஜாவாவில் அது ஓடுமா, அதை இழுத்துவரும் தாய் பேக்கேஜ் ஏற்குமா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா பதிவு (லாகிங்) லைப்ரரி இதைக் கசப்பாகவே கற்றுக்கொடுத்தது. சிவிஇ-2021-44228க்கு 2.15.0 வந்தது. அந்தத் திருத்தம் முழுமையில்லை என்று சிவிஇ-2021-45046 வந்தது, அதற்கு 2.16.0. அடுத்து 45105, அதற்கு 2.17.0. மாதம் முடிவதற்குள் 44832, அதற்கு 2.17.1. ஒவ்வொரு சிவிஇக்கும் தனி டிக்கெட் போட்ட இடங்களில் ஒரே மாதத்தில் நான்கு முறை புரொடக்‌ஷனைத் தொட வேண்டியிருந்தது. ஜாவா 7இல் மாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு 2.17.1 போட்டால் கிளாஸே லோட் ஆகாது. அவர்களுக்கான எண் 2.12.4; ஜாவா 6க்கு 2.3.2.

ஆகவே தேடலைப் பேக்கேஜிலிருந்து தொடங்குவது நல்லது, சிவிஇயிலிருந்து அல்ல. ஓஎஸ்வி என்ற திறந்த மென்பொருள் ஓட்டைகளின் தரவுத்தளத்தில் அந்தப் பேக்கேஜின் பெயரில் உள்ள எல்லா அறிவிப்புகளையும் எடுத்து, ஒவ்வொன்றும் எங்கே நுழைந்தது, எங்கே அடைபட்டது என்ற வரம்புகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியான வெர்ஷன்களின் முழுப் பட்டியலிலிருந்து பீட்டா, ஆர்சி போன்ற முன்வெளியீடுகள், திரும்பப் பெறப்பட்டவை, ஏதாவது ஒரு வரம்புக்குள் விழுபவை எல்லாவற்றையும் நீக்குங்கள். மிச்சத்தில், இப்போதைய வெர்ஷனுக்கு மேலே, அதே கிளையில் (2.9.x போன்ற ஒரே தொடரில்), மிகக் குறைந்தது எதுவோ அதுவே முதல் வேட்பாளர். இதற்கு ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் வெர்ஷனை எழுத்துச்சரமாக ஒப்பிட்டால் 2.9 பெரிது, 2.10 சிறிது என்று வந்து நிற்கும். அந்தந்த மொழியின் வெர்ஷன் லைப்ரரியையே பயன்படுத்த வேண்டும்.

மிக அண்மையதை விட்டு மிகக் குறைந்ததை எடுப்பது ஏனென்றால், மாறும் கோடுகள் குறைவு. சேஞ்ச்லாகை (மாற்றப் பட்டியலை) உட்கார்ந்து படித்துவிடலாம். இதற்கும் விலக்கு உண்டு. ஜேசனை ஜாவா பொருளாக மாற்றும் ஜாக்சன் டேட்டாபைண்ட் லைப்ரரியின் 2.9 கிளையில் ஆபத்தான கிளாஸ்களை ஒவ்வொன்றாகத் தடைப்பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனார்கள், அதனால் 2.9.10.8 வரை இழுத்தது. 2.10இல் அனுமதிப்பட்டியல் முறை வந்த பிறகுதான் நிரந்தர வழி கிடைத்தது. ஒரே வகை ஓட்டை ஒரே கிளையில் மூன்றாவது முறை வந்தால் கிளையையே மாற்றுவது மலிவு.

ஜாக்சனில் இன்னொரு பொறியும் இருக்கிறது. 2.13.4.2 என்பது டேட்டாபைண்டுக்கு மட்டும் வந்த குறுந்திருத்தம். ஜாக்சன் கோர் 2.13.4.2 என்று ஒன்று கிடையவே கிடையாது. எல்லா ஜாக்சன் பேக்கேஜுக்கும் ஒரே வெர்ஷன் மாறி வைத்திருந்தால் பில்ட் உடனே உடையும். ஜாக்சன் பேக்கேஜ்களின் பொருந்தும் வெர்ஷன்களைப் பட்டியலிடும் பிஓஎம் (BOM) ஃபைலின் வெர்ஷனை 2.13.4.20221013 என்று கொடுத்தால் எல்லாம் தானாகப் பொருந்தும். இதற்கு முன் வந்த 2.13.4.1இலும் ஓட்டை அடைபட்டிருந்தது, ஆனால் கிரேடில் என்ற பில்ட் கருவிக்கான மெட்டாடேட்டா பிழையானது. பாதுகாப்புக் கணக்கில் சரியான வெர்ஷன், பில்டில் சரியில்லாமல் போகலாம்.

நேரடியாக நாம் சேர்க்காமல் வேறு பேக்கேஜ் இழுத்துவரும் டிபென்டென்சிதான் பெரும்பாலான நேரத்தைத் தின்னும். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் மேலாளரான என்பிஎம்மின் செம்வர் பேக்கேஜில் சிவிஇ-2022-25883க்கு முதலில் 7.5.2இல் திருத்தம் வந்தது. பழைய தாய் பேக்கேஜ்கள் ^5 அல்லது ^6 (அந்த மேஜர் வெர்ஷனுக்குள் மட்டும்) கேட்கும். அங்கே 7ஐத் திணித்தால் உடைய வாய்ப்பு அதிகம். பிறகு 6.3.1, 5.7.2 என்று பழைய கிளைகளுக்கும் திருத்தம் வந்தது. ஆக, முதல் நாள் பார்த்த அறிவிப்பைச் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பது வீண் வேலை இல்லை. தாயை உயர்த்த முடிந்தால் அதுவே முதல் வழி. முடியாவிட்டால் உள்ளே வரும் வெர்ஷனை நாமே கட்டாயமாக்கும் ஓவர்ரைட்ஸ் (overrides) போடலாம், பக்கத்தில் காரணத்தையும் எப்போது நீக்கலாம் என்பதையும் எங்காவது எழுதி வைத்துக்கொண்டு. என்பிஎம்மின் தானியங்கித் திருத்தக் கட்டளையான ஆடிட் ஃபிக்ஸுக்கு ஃபோர்ஸ் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்: அது மேஜர் வெர்ஷனைத் தாண்டும், சில நேரம் தாய் பேக்கேஜைப் பழையதற்குக்கூட இறக்கும். ஜாவாவின் இன்னொரு பில்ட் கருவியான மேவனில், ஒரே பேக்கேஜ் இரு வெர்ஷனில் வந்தால், டிபென்டென்சி மரத்தில் கிட்டே இருப்பதுதான் வெல்லும், அது பழையதாக இருந்தாலும். கிரேடில் பொதுவாக உயர்ந்ததை எடுக்கும்.

லினக்ஸ் விநியோகங்களின் பேக்கேஜ்களில் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறான எச்சரிக்கையில் முடியும். ஹார்ட்பிளீட் ஓட்டை ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 1.0.1ஜியில் அடைபட்டது. ஆனால் டெபியன் லினக்ஸின் வீஸி (7) வெளியீட்டில் 1.0.1ஈ என்ற எண்ணை மாற்றாமல், பின்னொட்டு டெப்7யூ5 என்று வந்த பேக்கேஜிலேயே திருத்தம் இருந்தது. இங்கே விநியோகத்தின் பாதுகாப்பு அறிவிப்புதான் சான்று. மூலத் திட்டத்தின் எண்ணை அங்கே நம்பக் கூடாது.

புத்தம் புது வெளியீடும் ஆபத்தாகலாம். 2021 அக்டோபரில் யுஏ-பார்சர்-ஜேஎஸ் என்ற என்பிஎம் பேக்கேஜின் பராமரிப்பாளரின் கணக்கு கைப்பற்றப்பட்டு 0.7.29, 0.8.0, 1.0.0 என்று தீங்கான வெர்ஷன்கள் வெளியாயின. சில நாள் ஆறப்போட்டு எடுப்பது இதற்கு நல்ல காப்பு. ஓட்டை ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுகிறது என்று அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பான சீசாவின் கேஈவி பட்டியலில் இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். வெளியீட்டின் வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு உடனே ஏறுங்கள்.

கடைசியில் எல்லா டிபென்டென்சிகளின் துல்லிய வெர்ஷனையும் பூட்டி வைக்கும் லாக் ஃபைலின் மாற்றத்தை வரிவரியாகப் பாருங்கள்; ஒரு பேக்கேஜை மாற்றப் போய் நாற்பது நகர்ந்திருந்தால் திரும்பச் செய்யுங்கள். பிறகு பில்ட் ஆகி வந்த ஜார், கண்டெய்னர் இமேஜ் இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள், சோர்ஸை மட்டும் அல்ல. எல்லா லைப்ரரிகளையும் ஒன்றாக அடைத்த ஃபேட் ஜாருக்குள் வேறொரு லைப்ரரி பழைய லாக்4ஜேயைத் தன் பெயரில் விழுங்கி வைத்திருக்கும். மேவன் மரத்தில் அது தெரியாது. லாக்4ஜே ஓட்டைக்குக் காரணமான ஜேஎன்டிஐலுக்அப் கிளாஸைத் தேடினால் அகப்படும். ஆனால் 2.17.1இலும் அந்தக் கிளாஸ் இருக்கிறது; எனவே அகப்பட்டதுமே பதறாமல், கூடவே இருக்கும் pom.properties ஃபைலில் வெர்ஷனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.