பன்னிரண்டு ரூபாய்

2015 மே மாதம் அடல் ஓய்வூதியத் திட்டமும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் ஒரே நாளில் தொடங்கின. நான் அப்போது டெல்டாப் பக்கம் ஒரு கிராமத்து வங்கிக் கிளையில் அதிகாரி. மேலிடத்திலிருந்து இரண்டுக்கும் டார்கெட் வந்தது. சாயங்காலம் ஆனால் "இன்னிக்கு எத்தனை?" என்று போனும் வந்துவிடும்.

எங்கள் கேஷியர் அந்த 'எத்தனை'க்காகவே பிறந்தவர். பணம் கட்ட வந்தவர், எடுக்க வந்தவர், சில்லறை மாற்ற வந்தவர், யாரையும் விடமாட்டார். "இங்க ஒரு கையெழுத்து, கீழ ஒண்ணு." மதியச் சாப்பாட்டுக்குள் முப்பது படிவம் சேர்ந்துவிடும்.

கடன் பிரிவு மேடம் நேரெதிர். ஆளை உட்காரவைத்து, வயதைக் கேட்டு, துண்டுச்சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டுவார். அறுபதுக்கு மேல் மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியம் வேண்டுமென்றால் 18 வயதுக்காரர் மாதம் 210 கட்டினால் போதும். 40 வயதுக்காரர் 1,454 கட்டவேண்டும். "வேலை இல்லாத மாசத்துலயும் கட்ட முடியுமா? யோசிச்சிட்டு வாங்க." யோசிக்கப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

நான் இருவருடைய எண்ணிக்கையையும் எக்செல்லில் ஏற்றி நிறம் பூசிக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு வேலைதான் என்று அப்போது நம்பினேன்.

நாலைந்து மாதத்தில் கேஷியர் சேர்த்த ஓய்வூதியக் கணக்குகள் பல்லிளித்தன. பேலன்ஸ் இல்லாததால் தவணை நின்றுபோனது. நூறு நாள் வேலைக் கூலி ஏறியதும் பழைய பாக்கி கழிய, பெண்கள் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். மேடம் சேர்த்ததோ பதினேழு பேர்தான். ஒருவரும் தவணை தவறவில்லை. சரி, மேடம் வழிதான் வழி என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் ஓர் அம்மா வந்தார். கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். பாஸ்புக்கில் ஜூன் மாதம் 12 ரூபாய் பிடித்த ஒரு வரி. "இத எதுக்குப் புடிச்சாங்கன்னு வீட்டுல வந்து கத்துனாரு சார்" என்றார். பழைய கட்டைப் பிரித்துப் பார்த்தால், கேஷியர் வாங்கிப் போட்ட விபத்துக் காப்பீட்டுப் படிவம். நாமினி இடத்தில் அந்த அம்மாவின் பெயர், கேஷியரின் கோழிக்கிறுக்கலில், ஆனால் ஒரு எழுத்துகூடத் தப்பில்லாமல்.

இரண்டு லட்சம் ரூபாய் வந்தது.

அந்தக் காப்பீட்டுக்கு அப்போது வருஷத்துக்கு 12 ரூபாய்தான். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? மேடம் "யோசிச்சிட்டு வாங்க" என்று இதற்கும் சேர்த்து அனுப்பிவைத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு என் எக்செல்லில் கட்டமே இல்லை.

கிளெய்ம் படிவத்தை நிரப்பியது மேடம்தான். ஆஸ்பத்திரிச் சீட்டு, இறப்புச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, அந்த அம்மாவை இன்னொரு தடவை அலையவிடாமல் முடித்தார். மறுநாள் காலையில் கேஷியர் கவுண்ட்டரிலிருந்து விபத்துக் காப்பீட்டுப் படிவம் ஒரு கட்டு மேடம் மேசைக்குப் போயிருந்தது. கேஷியர் துண்டுச்சீட்டில் கணக்குப் போட ஆரம்பித்தாரா என்று கேட்காதீர்கள். அவர் அன்றைக்கும் மதியத்துக்குள் முப்பதை முடித்திருந்தார்.