வெளிச்சத்தைக் குறைக்கும் வேலை

மாமல்லபுரத்தில் ஊர்க்காரர்களே சேர்ந்து இரவுக் கலை நடை ஒன்றை நடத்துகிறோம்; சிற்பங்களைப் பார்த்து, தெருக்கூத்துப் பாட்டுக் கேட்டு, சிற்பக்கூடங்கள் வரை நடந்துபோவது அது. அதில் விளக்குப் பொறுப்பு என்னுடையது. எங்கே எத்தனை விளக்கு வைப்பது என்பதுதான் என் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என் நேரத்தில் பெரும்பகுதி, எரிகிற விளக்குகளை அணைக்கச் சொல்லிக் கேட்பதில் போகிறது. கடையின் பெயர்ப்பலகை விளக்கு, விடுதி வாசலின் வெள்ளை விளக்கு, வழியோரம் நிற்கும் காரின் முகப்பு விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. ஏன் என்று ஒருமுறை நின்று விளக்கினால் போதும்.

அர்ச்சுனன் தபசுப் பாறை தெருவோரத்திலேயே இருப்பது எங்களுக்குப் பெரிய வசதி. வேலிக்கு வெளியே நின்றபடியே முழுவதையும் பார்க்கலாம். ஏறக்குறைய 30 மீட்டர் நீளம் கொண்ட அந்தப் புடைப்புச் சிற்பம் கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழும். பிற்பகலில் பாறை முழுவதும் நிழலுக்குள் போய்விடும். பகல் வெயிலில் வந்து பத்து நிமிடம் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதில் பாதியைக்கூடப் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம்.

இரவிலும் இதே ஆபத்து உண்டு. எதிரேயிருந்து பெரிய விளக்கைப் போட்டால் ஒவ்வொரு உருவத்தின் நிழலும் அதன் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். எல்லாம் தட்டையாகத் தெரியும். ஐந்து ரதம் போகும் சாலையில் சிற்பக்கூடம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர்தான் எனக்கு வழி காட்டினார். "தம்பி, நாங்கள் சிலைக்கு முகம் திருத்தும்போது விளக்கை ஓரத்தில்தான் வைப்போம். மேடு பள்ளம் நிழலில்தான் தெரியும்" என்றார். உளி பிடித்துப் பழகிய கை சொன்னது. அன்று முதல் எங்கள் விளக்குகள் தரையோடு தரையாக, பக்கவாட்டில், மஞ்சள் சாயலோடு, மிகக் குறைந்த ஒளியில்தான் எரிகின்றன. பெரிய யானையின் காலடியில் நிற்கும் குட்டிகள் ஒவ்வொன்றாகத் துலங்கும். தவம் செய்கிறவரின் விலா எலும்புகளை எண்ணலாம். முன்கால்களைத் தூக்கித் தவக்கோலத்தில் நிற்கும் பூனையையும் அதன் பக்கத்து எலிகளையும் குழந்தைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். எல்லாமே பேட்டரி விளக்குகள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் பக்கம் ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. ஜெனரேட்டரும் கிடையாது, அதன் இரைச்சலில் கூத்தர்களின் குரல் அடிபட்டுப் போகும்.

கூத்து இங்கே வந்து சேர்ந்தது தற்செயல் அல்ல. காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் அர்ச்சுனன் தபசு ஒரு முக்கியமான நாள். அர்ச்சுனன் வேடம் கட்டியவர், தபசு மரம் என்று நட்டு வைத்த உயரமான கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் எறியும் பூவையும் வில்வத்தையும் எலுமிச்சையையும், பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் மடியேந்தி வாங்குவார்கள். பாறையில் தவம் செய்வது அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதிக்கிறார்கள். இரண்டு பக்கமும் வலுவான காரணங்கள் இருக்கின்றன. ஆனால் தபசு மரம் பார்த்து வளர்ந்த கிராமத்துப் பெண்கள், பாறைக்கு எதிரில் அந்தப் பாட்டு எழுந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்புகிறார்கள். நாங்கள் தபசு மரம் நடுவதில்லை. அது அம்மன் சன்னதிக்கு உரியது. ஏறும்போது பாடும் பாட்டுகளை மட்டும், முகவீணை, மத்தளம், ஆர்மோனியத்தோடு, ஒலிபெருக்கி இல்லாமல் பாடுகிறார்கள்.

நடையைக் கடற்கரைக் கோயில் பக்கம் மணலில் விளக்கு வரிசையோடு முடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் உறுதியாக எதிர்த்தேன். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையோரத்தில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. குஞ்சுகள் வெளிச்சமான திசையை நோக்கித்தான் ஊரும். இயற்கையான இரவில் அது கடல். கரையில் விளக்கு எரிந்தால் அவை ஊருக்குள் திரும்பிச் செத்துப்போகும். அதனால் எங்கள் நடை சிற்பக்கூடங்களின் வாசலிலேயே முடிகிறது. அங்கே இளைஞர்கள் கல்லைத் தட்டி அதன் ஓசையைக் கேட்கச் செய்கிறார்கள். எந்தக் கல் சிலைக்கு ஆகும் என்று சொல்லித் தருகிறார்கள். கூட்டம் அதிக நேரம் நிற்பது அங்கேதான்.

மாசி மகத்தை ஒட்டி நாங்கள் நடையே வைப்பதில்லை. பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் அப்போது இந்தக் கடற்கரைக்கு வருகின்றன. சேலைகளைக் கட்டிக் கூடாரம் போட்டு, முழுநிலவு இரவை அங்கே கழித்து, விடியலில் மணலில் படி கட்டிக் கன்னியம்மாவைக் கும்பிடுகிறார்கள். திருமணங்களும் அங்கேயே நடக்கும். அதையும் நடையில் சேர்த்தால் வெளியூர்க்காரர்கள் விரும்புவார்கள் என்று சிலர் கேட்டார்கள். டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்க அது நம்முடைய நிகழ்ச்சி அல்ல. அவர்கள் தங்கள் தெய்வத்தோடு இருக்கும் இரவு அது. இந்தக் கரையில் ஊர் கூடும் இரவு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், எங்கள் நடைக்கு வெகுகாலம் முன்பே அவர்கள் அதை நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கூலி பற்றியும் சொல்ல வேண்டும். கூத்தர்கள் எங்களுக்காகப் பாடுவது ஒரு மணி நேரம்தான். ஆனால் அரிதாரம் பூசி, புஜக்கட்டையும் கிரீடமும் கட்டி முடிக்க அதைவிட அதிக நேரம் ஆகிறது. அந்த இரவில் வேறு ஊரில் ஆடப் போகவும் முடியாது. ஆகவே முழு இரவுக்கான தொகையையே கொடுக்கிறோம். செலவைக் குறைக்க வேண்டிய நிலை வந்தால் என் விளக்குகளில் குறைத்துக்கொள்ளுங்கள் என்று குழுவிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன்.